பொன்மொழி நோட்டும் நாட்குறிப்பும்

அன்புள்ள ஐயா,

நல்ல வரி எங்கே கண்ணில் பட்டாலும் எழுதி வைக்கும் பழக்கம் கல்லூரி நாளிலிருந்தே எனக்கு உண்டு. காலண்டர் தாள், நாவல், வாட்ஸப் எதையும் விடுவதில்லை. மூன்று நோட்டு நிரம்பிவிட்டது. இந்த வருடம் நாட்குறிப்பு எழுதலாம் என்று உட்கார்ந்தால், மேலே ஒரு பொன்மொழி எழுதியதோடு பேனா நின்றுவிடுகிறது. “எல்லாம் அடுத்தவங்க சொன்னதுதானே அம்மா, உன் டைரியில நீ எங்க இருக்க?” என்கிறாள் மகள். இந்தச் சேகரிப்பால் பயன் உண்டா? இதை நாட்குறிப்புக்குள் எப்படிக் கொண்டுவருவது? செல்போனில் சேமித்தால் போதாதா?

க., மன்னார்குடி

அன்புள்ள க.,

சேகரிப்பதை விட்டுவிடாதீர்கள். புறத்திரட்டு என்றொரு தொகைநூல் உண்டு. யாரோ ஒருவர் பழைய நூல்களிலிருந்து பாடல்களைப் பொறுக்கி, குறளைப் போல அதிகாரம் பிரித்து எழுதி வைத்தார். அவர் பெயர்கூடத் தெரியாது. வையாபுரிப் பிள்ளை அதை 1938இல் பதிப்பித்தார். மூவேந்தரைப் பாடும் பழைய நூலான முத்தொள்ளாயிரத்தில் இன்று நாம் படிக்கும் நூற்றுச் சொச்சம் வெண்பாக்கள் பெரும்பாலும் அந்தத் திரட்டு வழியாக வந்தவை, முழுநூல் போய்விட்டது. தகடூர்ப் போரைப் பாடும் தகடூர் யாத்திரைக்கும் இதே கதைதான். மகளிடம் சொல்லிப் பாருங்கள்.

ஆனால் திரட்டு வேறு, நாட்குறிப்பு வேறு. மகள் கேட்பது நியாயமான கேள்வி. ரோமாபுரியில் செனெகா என்ற தத்துவ ஞானியும் அதையே கேட்டார்.

ரோமப் பேரரசன் நீரோவின் ஆசிரியராக இருந்த செனெகா, கடைசிக் காலத்தில் லூசிலியஸ் என்ற நண்பருக்கு எழுதிய கடிதங்களில் 124 நமக்குக் கிடைத்திருக்கின்றன. தொடக்கத்தில் உள்ளவை அநேகமாக ஒரு பொன்மொழியோடுதான் முடியும். அவற்றில் பல எபிகூரஸ் என்ற கிரேக்கத் தத்துவ ஞானி சொன்னவை. செனெகா, அறமே பெரிது என்ற ஸ்டோயிக் தத்துவ மரபுக்காரர், இன்பமே பெரிது என்ற எபிகூரஸோ எதிர்முகாம். நல்ல வரி யாரிடம் இருந்தால் என்ன என்பது அவர் கட்சி. லூசிலியஸுக்கு ருசி கண்டுவிட்டது. நம் மரபு ஆசான்களின் வாசகங்களையும் அப்படியே அனுப்புங்கள் என்று கேட்கிறார். 33ஆவது கடிதத்தில் செனெகா மறுத்துவிடுகிறார். சிறுவர்கள் மனப்பாடம் செய்யட்டும், வயதானவன் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு ஞானம் பேசுவது வெட்கக்கேடு என்கிறார். “ஸீனோ (ஸ்டோயிக் மரபைத் தொடங்கியவர்) இப்படிச் சொன்னார், சரி, நீ என்ன சொல்கிறாய்?” என்று கேட்கிறார். கொஞ்சம் கடுமைதான். கடிதத்துக்குக் கடிதம் ஊட்டி வளர்த்த பழக்கத்தை அவரே திட்டுகிறார் என்பது வேறு வேடிக்கை.

அந்தக் கேள்வியை ஒவ்வொரு வரிக்குக் கீழேயும் போட்டுக்கொள்ளுங்கள். “இடுக்கண் வருங்கால் நகுக” என்று எழுதியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பொழிப்புரை எழுத வேண்டாம், அதற்குப் பரிமேலழகர் இருக்கிறார். இன்றைக்கு என்ன இடுக்கண் வந்தது என்று எழுதுங்கள். சமையல் பாதியில் கேஸ் தீர்ந்ததா, தம்பியோடு போனில் சண்டையா? சிரிப்பு வந்ததா? வராவிட்டால், “எனக்கு எரிச்சல்தான் வந்தது, வள்ளுவருக்கு எப்படிச் சிரிப்பு வந்ததோ” என்று எழுதுங்கள். வரியோடு சண்டை பிடிக்கலாம், தப்பே இல்லை. எனக்கென்னவோ ஆமோதிக்கும் பக்கங்களைவிட இந்தச் சண்டைப் பக்கங்கள்தான் பிறகு படிக்க நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது. ஆறு மாதம் கழித்து அதே வரியை எடுத்து, பழைய பதிலைப் பார்க்காமல் இன்னொரு பதில் எழுதுங்கள். அப்புறம் இரண்டையும் சேர்த்து வைத்துப் படியுங்கள்.

தினம் ஒரு புது வரி வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஒன்றையே ஒரு வாரம் வைத்துக்கொள்ளலாம். பதில் சொல்லத் தோன்றாத வரி எவ்வளவு அழகாக இருந்தாலும் நாட்குறிப்புக்கு வேண்டாம், நோட்டிலேயே கிடக்கட்டும்.

செல்போன் தேடி எடுக்க வசதி. ஆனால் அதில் சேமிப்பது சுலபம் என்பதாலேயே கண்டதும் சேர்ந்துவிடும். கை வலிக்க எழுதுகிறவர் யோசித்துத்தான் எழுதுவார். வாட்ஸப்பில் வருவதை மட்டும் சரிபார்க்காமல் ஏற்றாதீர்கள். அப்துல் கலாம் பெயரில் சுற்றுவதில் அவர் சொல்லாதவை நிறைய. எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்று தெரிந்தால் ஓரத்தில் குறித்துவிடுங்கள். தெரியாவிட்டால் “யார் சொன்னதோ” என்று போட்டாலும் போதும்.