இரவு ஒன்பது மணிக்கு மேல் யாருக்காகத் தைக்கிறீர்கள்?

கேள்வி: எனக்கு வயது 38. ஈரோடு பக்கம் ஒரு கிராமம். வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன். மாதம் 65 பிளவுஸ் வரை வரும். கூலி 300 ரூபாய். லைனிங், நூல், ஹூக் செலவு போக 200 நிற்கும். கணவர் லோடு ஆட்டோ ஓட்டி வீட்டுக்கு 11,000 தருகிறார். காலை 5 மணிக்கு எழுந்தால் சமையல், பாத்திரம், துணி, மாமியாருக்கு மருந்து என்றே பொழுது போய்விடுகிறது. பகலில் கிடைக்கும் நேரத்தில் கொஞ்சம் தைத்துவிட்டு, மறுபடி இரவு 9 மணிக்கு மெஷினில் உட்கார்ந்தால் எழுந்திருக்க 11 ஆகிறது. கழுத்து வலி தாங்கவில்லை. நாத்தனார் கேட்டார் என்று 10 மாதம் முன்பு என் பெயரில் குழு லோன் 60,000 எடுத்துக் கொடுத்தேன். மூன்று டியூ கொடுத்தார், அதோடு சரி. பிறகு அவர் மகளுக்கு மாமன் சீர் வைக்க இன்னொரு குழுவில் 40,000 எடுத்தோம். நான்கு டியூ முடிந்தது. இரண்டும் 24 சதவீத வட்டி, 24 மாதம். இப்போது அவர் மகனின் கல்லூரிக் கட்டணத்துக்கு, இருக்கிற கடனுக்கு மேல் இன்னும் 50,000 டாப்-அப் எடுத்துத் தரச் சொல்கிறார். புது மெஷின் வாங்க 18 மாதமாக வங்கி ஆர்.டி.யில் 2,000 கட்டி வருகிறேன். சிறுதொழிலுக்கான முத்ரா கடன் ஒரு லட்சம் வாங்கி, ஓர் ஆளும் வைத்தால் வேலை சுலபமாகுமா? தோழி தினமும் 50 ரூபாய்க்கு டிஜிட்டல் தங்கம் வாங்கச் சொல்கிறாள். மாமியாரோ, ‘இருப்பதை வைத்து நிறைவாக இரு’ என்கிறார். எனக்குத்தான் திருப்தி போதவில்லையா?

பதில்: வரவு செலவு எழுதுங்கள், சிறுகச் சேமியுங்கள் என்றெல்லாம் உங்களிடம் சொல்லத் தேவையில்லை. இத்தனை நெருக்கடியிலும் ஒரு மாதம்கூட ஆர்.டி. தவறவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பல கடைக்காரர்களுக்கு இல்லாத ஒழுங்கு இது. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

உங்களுக்கு வீட்டு வேலை அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் கழுத்து வலி அங்கிருந்து வரவில்லை. கணக்கைப் பாருங்கள். 60,000 கடனுக்கு மாதம் சுமார் 3,170, 40,000 கடனுக்கு சுமார் 2,115. இரண்டும் சேர்ந்து 5,285. ஒரு பிளவுஸில் உங்களுக்கு நிற்பது 200. அப்படியானால் டியூவுக்கு மட்டும் மாதம் 26 பிளவுஸ் தைக்க வேண்டும். வெட்டுவது முதல் ஹூக் கட்டுவது வரை ஒரு பிளவுஸுக்கு இரண்டு மணி நேரம் என்று வைத்தால் 52 மணி நேரம். மாதம் 25 நாள் தைத்தால் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்.

இரவு 9 முதல் 11 வரை நீங்கள் தைப்பது முழுக்க இந்த இரண்டு டியூவுக்குத்தான். உங்கள் பிள்ளைகளுக்கோ, வீட்டுக்கோ, புது மெஷினுக்கோ அதில் ஒரு ரூபாய் சேரவில்லை. இதற்கும் திருப்திக்கும் என்ன சம்பந்தம்? இருவர் வருமானமும் சேர்ந்த 24,000 ரூபாயில் குடும்பம் நடத்தி 2,000 சேமிப்பவரைப் பேராசைக்காரி என்று யாரும் சொல்ல முடியாது. நீங்கள் களைத்துப் போயிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

நாத்தனார் வீட்டுக்கு இலவசமாக பிளவுஸ் தைத்துக் கொடுங்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். சீரும் செய்யுங்கள், கையில் இருக்கும் அளவுக்கு. மற்றவருக்காக உங்கள் பெயரில் கையெழுத்துப் போடும் பழக்கம் மட்டும் இன்றோடு நிற்க வேண்டும். பணம் அவர் கைக்குப் போனாலும் கடன் உங்களுடையது. ஒரு டியூ தவறினால் கூடப் பிறந்தவர்கள் மாதிரி பழகிய குழுப் பெண்களே உங்கள் வாசலில் வந்து நிற்பார்கள். சிபில் போன்ற கடன் பதிவுகளிலும் உங்கள் பெயர்தான் கெடும். நாளைக்கு உங்கள் தொழிலுக்கென்று முத்ரா கேட்கும்போது இந்தக் கறைதான் முதலில் தெரியும்.

‘கடன் கொடுக்கும் நிறுவனமே டாப்-அப் தரத் தயாராக இருக்கிறதே’ என்று நாத்தனார் சொல்லலாம். தருவார்கள். குழு லோன் போன்ற சிறுகடன்களுக்கு 2022 ஏப்ரலில் அமலுக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, ஒரு வீட்டின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. உங்கள் வீட்டுக்கு அந்தப் பாதி 12,000. நீங்கள் கட்டுவது 5,285. ஆகவே அவர்கள் புத்தகத்தில் உங்களுக்கு இன்னும் இடம் இருக்கிறது. உங்கள் கழுத்தில் இடமில்லை என்பது அந்தப் புத்தகத்தில் வராது.

சரி, எப்படி வெளியே வருவது? ஆர்.டி.யில் இப்போது வட்டியோடு 37,000 ரூபாய்க்கு மேல் இருக்கும். அது சம்பாதிப்பது ஆறு, ஏழு சதவீதம். கடன் தின்பது 24. இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. ஆர்.டி.யை முடியுங்கள், கொஞ்சம் வட்டி குறைந்தால் குறையட்டும். இரண்டாவது கடனில் அசல் பாக்கி சுமார் 34,600. அதை ஒரே தடவையில் அடைத்துவிடுங்கள். இந்த வகைக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் வசூலிக்கக் கூடாது என்பதும் அதே விதியில் இருக்கிறது. ‘பாதியில் முடிக்க முடியாது’ என்று வசூலுக்கு வருபவர் சொன்னால், அதை எழுதித் தரச் சொல்லுங்கள்.

அப்புறம் மாதம் 2,115 மிச்சம், ஆர்.டி.க்குப் போன 2,000 மிச்சம். இந்த 4,115-ஐத் தனி சேமிப்புக் கணக்கில் போட்டுக்கொண்டே, முதல் கடனின் டியூவை வழக்கம்போலக் கட்டுங்கள். ஆறு மாதத்தில் அந்தக் கணக்கில் சுமார் 24,700 சேரும். முதல் கடனின் பாக்கி அப்போது 23,000 சொச்சமாக இறங்கியிருக்கும். அதையும் முடித்துவிடலாம். இன்னும் 20 மாதம் இழுக்க வேண்டியது ஆறு மாதத்தில் தீர்கிறது. இடையில் அவசரம் வந்தால் இந்தத் தனிக் கணக்குத்தான் கைகொடுக்கும். அதனால் முதல் கடனை முழுதாக அடைப்பது இரண்டு மாதம் தள்ளிப் போனாலும் பரவாயில்லை.

இந்தக் கணக்கில் நாத்தனார் தர வேண்டிய பணத்தை நான் சேர்க்கவே இல்லை. நீங்களும் சேர்க்காதீர்கள். கேட்பதை விட்டுவிடச் சொல்லவில்லை. மாதம் 1,500 ஆவது உங்கள் கணக்குக்கு அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டும். ஆனால் கேட்க வேண்டியவர் உங்கள் கணவர். அவருடைய தங்கை, அவர் சம்மதித்த கடன். நீங்கள் கேட்டால் அது அண்ணி, நாத்தனார் சண்டையாகி, மாமியார் நடுவில் அழுது, கடைசியில் நீங்களே விட்டுக்கொடுப்பீர்கள். பையனின் கட்டணத்துக்கு வங்கியில் கல்விக் கடன் இருக்கிறது. அவனும் அவன் பெற்றோரும் கையெழுத்துப் போட்டு வாங்கட்டும்.

முத்ரா நல்ல திட்டம்தான், இப்போது வேண்டாம். ஒரு லட்சத்தை 11 சதவீதத்தில் மூன்று வருடத்துக்கு வாங்கினால் மாதம் 3,270 வரும். இன்னும் 16 பிளவுஸ். முதல் கடன் முடிந்த பிறகு, மாதம் கையில் நிற்கும் ஏழாயிரத்துச் சொச்சத்தைச் சில மாதம் சேர்த்தாலே மோட்டார் மெஷின் வாங்கிவிடலாம், கடனே தேவைப்படாது. ஆள் வைப்பதற்குப் பதில், ஹூக் கட்டுவதையும் ஹெம்மிங்கையும் பக்கத்து வீட்டுப் பெண் ஒருவருக்கு பீஸ் கணக்கில் கொடுத்துப் பாருங்கள். உங்கள் ஒரு மணி நேரம் 100 ரூபாய் பெறும். அரை மணி வேலையை 30 ரூபாய்க்குக் கொடுத்தால் உங்களுக்கும் லாபம், அவருக்கும் வருமானம்.

டிஜிட்டல் தங்கத்தைப் பற்றிப் பொறுமையாகப் பேச எனக்கு வரவில்லை. வாங்கும்போதே 3 சதவீதம் ஜி.எஸ்.டி. போகிறது. அது தன் கட்டுப்பாட்டுக்குள் வராது என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2025 நவம்பரிலேயே எச்சரித்துவிட்டது. தங்கம் ஏறியிருப்பது உண்மை, ஆனால் 24 சதவீதக் கடனை வைத்துக்கொண்டு செயலியில் தினம் 50 ரூபாய் போடுவது யாருக்கும் நல்லதில்லை. தோழியிடம் ஆறு மாதம் கழித்துப் பேசுங்கள்.

வீட்டு வேலையையும் பேசிவிடுவோம். 2024-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள். அதில் ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடம். கணவர் அந்த 88-க்காவது வரட்டும். இரவுச் சாப்பாட்டுப் பாத்திரமும் அம்மாவின் மருந்தும் அவர் பொறுப்பு என்று வைத்தாலே, நீங்கள் தைக்கும் வேலையைப் பகலுக்குக் கொஞ்சம் நகர்த்த முடியும்.

குழுவின் அடுத்த சென்டர் மீட்டிங்கில் டாப்-அப் படிவத்தை நீட்டினால் வாங்காதீர்கள். இரண்டு கடனையும் இன்றைய தேதியில் முடிக்க எவ்வளவு கட்ட வேண்டும் என்று அந்தந்தக் குழுவில் எழுதி வாங்குங்கள். அந்தத் தாளை முதலில் உங்கள் கணவரிடம் காட்டுங்கள்.