டம்ளர் முன்னால், ஆள் பின்னால்

கேள்வி: எங்கள் குறும்படத்தில் விஷம் கலந்த டீ மேசைமேல் இருக்கிறது, குடிக்க வேண்டியவர் பேசிக்கொண்டே இருக்கிறார். டம்ளருக்கு மூன்று குளோசப் வைத்தும் பதற்றம் வரவில்லை. ஒரே ஷாட்டில் இரண்டையும் வைத்தால் ஏதாவது ஒன்று மங்கிவிடுகிறது. ஏபிஎஸ்-சி (நடுத்தர அளவு சென்சார்) கேமரா, 18-55 மி.மீ. ஜூம் லென்ஸ். என்ன செய்யலாம்?

பதில்: குளோசப்தான் பதற்றத்தைக் கெடுக்கிறது. டம்ளரை மட்டும் காட்டும் அந்த இரண்டு விநாடியில் ஆள் திரையில் இல்லை. அவர் கை டம்ளர் பக்கம் போகிறதா என்று பார்வையாளர் பயப்பட வழியில்லை. ‘பார், விஷம்’ என்று நீங்கள் சுட்டிக்காட்டியதுதான் மிச்சம்.

இயக்குநர் ஹிட்ச்காக்கின் ‘தி லேடி வேனிஷஸ்’ (1938) படத்தில், ரயிலின் உணவுப் பெட்டியில் இதே சிக்கல். மயக்க மருந்து கலந்திருப்பதாக நாம் நம்பும் மது மேசைமேல். நாயகி ஐரிஸும் நாயகன் கில்பர்ட்டும் அதைத் தொடாமல் மருத்துவரோடு பேசுகிறார்கள். ஹிட்ச்காக் கண்ணாடிக் கோப்பைகளை இயல்பைவிடப் பெரிதாகச் செய்யச் சொல்லி, முன்னால் நிறுத்தி, காட்சியின் ஒரு பகுதியை அவற்றின் ஊடாகவே எடுத்தார். கோப்பையும் முகமும் சேர்ந்தே தெரிவதால் நம் கண் இரண்டுக்கும் இடையே அலைந்துகொண்டிருக்கும்.

ஏன் பெரிய கோப்பை? கணக்கைப் பாருங்கள். லென்ஸ் 18 மி.மீ.-இல் (மிக அகலமான காட்சி), துளை எஃப் 11-இல் (எண் கூடினால் துளை சிறிதாகும்), போகஸ் ஒன்றரை மீட்டரில் என்றால், சுமார் 75 செ.மீ.க்கு அப்பால் உள்ளதெல்லாம் தெளிவாக இருக்கும். அந்த 75 செ.மீ. தூரத்தில் 10 செ.மீ. டம்ளர், பிரேம் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. பக்கத்தில் கொண்டுவந்தால் மங்கும். 30 செ.மீ. உயரமுள்ள அதே வடிவப் பொருளை அதே தூரத்தில் வைத்தால் பாதி பிரேமை அடைத்துக்கொள்ளும், தெளிவும் போகாது. ஆனால் எஃப் 11-க்கு, எஃப் 3.5-க்குத் தேவையான வெளிச்சத்தைப்போல் பத்து மடங்கு வேண்டும் என்பதை மறக்காதீர்கள். ஐஎஸ்ஓ-வை (கேமராவின் ஒளி உணர்திறனை) மட்டும் ஏற்றினால் நிழல்களில் புள்ளி புள்ளியாக இரைச்சல் வரும்.

கண்ணாடி டம்ளர் என்றால், அந்தப் பெரிய பொருளாக வேலைப்பாடில்லாத கண்ணாடிப் பூச்சாடி போதும். டீயின் மேல் நுரை இருக்கக்கூடாது. குமிழியின் அளவு ஏமாற்றைக் காட்டிக்கொடுத்துவிடும். பின்பக்கமிருந்து சிறு விளக்கு வைத்தால் டீ ஒளிரும். நடிகரின் கை அதன் அருகில் வரவே கூடாது. கை டம்ளரை நோக்கி நீளும் கணத்தில் வெட்டி, நிஜ டம்ளருக்கு மாறுங்கள்.

பெரிய பொருள் கிடைக்காவிட்டால், முக்காலியில் (டிரைபாடில்) கேமராவை அசையாமல் வைத்து, டம்ளருக்கு ஒருமுறை, ஆளுக்கு ஒருமுறை போகஸ் வைத்து எடுத்து, இரண்டின் தெளிவான பகுதிகளையும் எடிட்டிங்கில் ஒரே பிரேமாக ஒட்டலாம். எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) இரண்டையும் மாறாமல் பூட்டிவிடுங்கள். போகஸ் மாறும்போது பல லென்ஸ்களில் படத்தின் அளவும் சற்று மாறும்; அதனால் ஒட்டும் கோடு வெறும் சுவர்மேல் விழட்டும். நடிகர் அதைத் தாண்டக்கூடாது.

இவ்வளவும் செய்து, நடிகர் டம்ளரை ஓரக்கண்ணால் பார்த்தால் எல்லாம் போயிற்று. விஷம் அவருக்குத் தெரியாது, நமக்குத்தான் தெரியும். அவர் கை மேசைமேல் இரண்டு முறை நீளட்டும்: ஒருமுறை கைப்பேசிக்கு, ஒருமுறை தீப்பெட்டிக்கு. பின்னணி இசை வேண்டாம். மின்விசிறிச் சத்தம் போதும்.