பாட்டிலில் இருந்த கிரீஸ் கறை

கேள்வி: எனக்கு வயது 44. ஐந்து ஆண்டுகளாக நெடுந்தூரம் ஓடுகிறேன். முதல் மாரத்தானை 4 மணி 31 நிமிடத்திலும் இரண்டாவதை 4:09:40-இலும் முடித்தேன். 4 மணி நேரத்துக்குள் முடிப்பதே என் லட்சியம். ஆனால் இரண்டு மாதங்களுக்கு முன் ஓடிய மூன்றாவது மாரத்தானில் 4:18:05 ஆகிவிட்டது. அதிகாலை அலாரத்தை அணைத்துவிட்டுப் படுத்துவிடுகிறேன். காலையில் எழுந்ததும் எண்ணும் நாடித்துடிப்பு 52-இலிருந்து 60-க்கு ஏறிவிட்டது. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை லாங் ரன்னுக்கு என் 15 வயது மகன் சைக்கிளில் தண்ணீர் எடுத்து வருவான். அரட்டை அடித்துக்கொண்டே போவோம். ஐந்து மாதங்களுக்கு முன் ஒரு நாள் 24-ஆவது கிலோமீட்டரில் தர வேண்டிய தண்ணீரை 26-இல்தான் தந்தான். செயின் கழன்றுவிட்டதாம். பாட்டில் முழுக்கக் கிரீஸ் வேறு. கொஞ்சம் கடிந்துகொண்டேன். அதன்பின் பரீட்சை என்று சொல்லி அவன் வருவதில்லை. அதுவும் ஒருவகையில் நல்லதுதான். இப்போது காதில் இசையுடன் முழுக் கவனமாகப் போட்டி வேகத்திலேயே ஓடுகிறேன். வீட்டில் மனைவி எதுவும் சொல்வதில்லை. இழந்த உத்வேகத்தை மீட்க என்ன வழி? கார்பன் தகடு வைத்த ஷூ வாங்கலாமா?

பதில்: ஷூ விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். நல்ல பயிற்சியின் மேல் அது சில நிமிடங்களைக் குறைத்துக் கொடுக்கலாம். அலாரத்தை அணைத்துவிட்டுப் படுப்பவரை எழுப்பிவிடும் ஷூவை இதுவரை யாரும் தயாரிக்கவில்லை.

உத்வேகம் போய்விட்டது என்று எழுதுபவர்களின் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. ‘சோர்வு எல்லோருக்கும் வருவதுதான், மனம் தளராதீர்கள்’ என்று எழுதுவது எளிது. உங்களுக்கு அப்படி எழுத எனக்கு மனம் வரவில்லை. காரணம், உங்கள் கடிதத்தில் நீங்கள் ஒரு குறையாகச் சொல்லிவிட்டுக் கடந்துபோன அந்தக் கிரீஸ்.

பாட்டிலில் கிரீஸ் எப்படி வந்தது என்று ஐந்து மாதங்களில் ஒருமுறையாவது யோசித்தீர்களா? கழன்ற செயினை வெறும் கையால் பிடித்து மாட்டியிருக்கிறான் பையன். மாட்டியதும் கையைத் துடைக்க ஒரு துணியோ இலையோ தேடியிருந்தால் பாட்டிலில் கறை பட்டிருக்காது. ஆனால் அப்பா தண்ணீர் இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறார் என்ற பதற்றத்தில், கறுத்துப்போன விரல்களோடு கைப்பிடியைப் பற்றி, அதுவரை மிதித்த வேகத்தைப்போல் இரண்டு மடங்கு மிதித்து உங்களை எட்டிப் பிடித்திருக்கிறான். அந்த விரல்களால்தான் பாட்டிலை நீட்டினான். உங்கள் கண்ணுக்குக் கறை தெரிந்தது, விரல் தெரியவில்லை. அந்த இரண்டு கிலோமீட்டரையும் நிற்காமல் ஓடியிருக்கிறீர்கள் என்பதையும் உங்கள் கணக்கே சொல்கிறது. உங்கள் வேகத்தில் அது ஏறக்குறைய 12 அல்லது 13 நிமிடம். பக்கத்தில் பேசிக்கொண்டு வந்த பிள்ளையின் குரல் திடீரென்று நின்றபோது ஒரு தகப்பன் திரும்பிப் பார்த்திருக்க வேண்டாமா?

‘கொஞ்சம் கடிந்துகொண்டேன்’ என்கிறீர்கள். கடிந்துகொண்டவர் எழுதும் ‘கொஞ்ச’த்தை நான் ஒருபோதும் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை.

அவன் செய்துகொண்டிருந்த வேலை எவ்வளவு கடினமானது என்பதாவது தெரியுமா? நீங்கள் பேசிக்கொண்டே ஓடிய அந்த நாட்களில் கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடம் எடுத்துக்கொண்டிருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டால், அது மணிக்குச் சுமார் 9 கிலோமீட்டர். அந்த வேகத்தில் சைக்கிள் தானாக நேராக நிற்காது. முன் சக்கரம் இடமும் வலமும் அலையும். கைப்பிடியை ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். 15 வயதுப் பையனுக்கு வேகமாக மிதிப்பதில்தான் மகிழ்ச்சி. ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு, மூன்று மணி நேரம் தன் சைக்கிளை அடக்கிப் பிடித்துக்கொண்டு உங்களோடு நகர்ந்திருக்கிறான். அது சம்பளம் வாங்கிக்கொண்டு செய்யும் வேலை அல்ல, நீங்கள் குறைபட்டுக்கொள்வதற்கு.

2019-ஆம் ஆண்டு வியன்னாவில் கென்ய ஓட்டக்காரர் எலியுட் கிப்சோகே மாரத்தான் தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் ஓடினார். முறைப்படியான போட்டியாக அது நடத்தப்படாததால் உலக சாதனையாக ஏற்கப்படவில்லை. வேகம் காட்டி உடன் ஓட 41 பேர் மாறி மாறி வந்தார்கள். அவருக்கும் தண்ணீர் சைக்கிளில்தான் வந்தது. ஓடி முடித்ததும் அந்த 41 பேருக்கும் நன்றி சொன்னார். உங்களுக்கு ஒரே ஒருவன்தான் இருந்தான். அவனுக்கு நீங்கள் சொன்னது வேறு.

எனக்கு இதில் கொஞ்சம் அனுபவம் உண்டு. நான் ஓடுபவள் அல்ல; ஓடியவரின் மனைவி. ஏழு ஆண்டுகள் முடிவுக் கோட்டருகே துண்டும் தண்ணீருமாக நின்றிருக்கிறேன். ஒருமுறை அவர் கோட்டைத் தாண்டி வந்ததும் நான் நீட்டிய துண்டைப் பார்க்காமல், மணிக்கட்டில் இருந்த கடிகாரத்தைப் பார்த்து முகம் சுளித்துக்கொண்டே என்னைக் கடந்துபோனார். அடுத்த போட்டிக்கு வீட்டில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். வேலை எதுவும் இருக்கவில்லை. என்ன வேலை என்று அவரும் கேட்கவில்லை. ஆகவே ஐந்து மாதங்களாக ஓயாமல் நடக்கும் ஒரு பரீட்சையை நான் நம்புவதாக இல்லை. மனைவி எதுவும் சொல்வதில்லை என்று எழுதியிருப்பதைச் சம்மதம் என்று எண்ணிக்கொள்ளவும் வேண்டாம். வாரத்தில் ஒரு விடுமுறைக் காலையை உங்களுக்கென்று வீடு விட்டுக்கொடுத்திருக்கிறது என்றால், அது குடும்பம் உங்களுக்குக் கொடுத்த கடன் என்பதுதான் என் கட்சி. கடன் வாங்கியவர் சற்றுப் பணிவாக நடந்துகொள்ள வேண்டும்.

இனி உங்கள் ஓட்டத்துக்கு வருகிறேன். இரண்டும் வேறு வேறு விஷயங்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.

மகன் உடன் வந்த காலத்தில் 4:31-இலிருந்து 4:09-க்கு வந்தீர்கள். அவன் நின்றபின் 4:18-க்குத் திரும்பினீர்கள். இதில் மாயம் எதுவும் இல்லை. நெடுந்தூரப் பயிற்சியில் பெரும்பகுதி, மூச்சு வாங்காமல் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில்தான் இருக்க வேண்டும். அந்த வேகத்தில் ஓடும்போது தசைகளில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. கொழுப்பை எரித்து, தசையில் சேமித்த கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்தைச் சிக்கனமாகச் செலவிடவும் உடல் பழகுகிறது. அந்தச் சேமிப்பு தீர்ந்துபோவதால்தான் 30 கிலோமீட்டருக்குப் பிறகு பலருக்கும் கால்கள் கல்லாகிவிடுகின்றன. பயிற்சியாளர்கள் இதைப் ‘பேச்சுச் சோதனை’ என்பார்கள். உங்களுக்கு அந்தச் சோதனை சைக்கிளில் பக்கத்திலேயே வந்துகொண்டிருந்தது. அவனோடு அரட்டை அடிப்பதற்காக வேகத்தைக் குறைத்தீர்கள். அதுதான் உங்களை வேகமாக்கியது. அவன் போனதும் காதை அடைத்துக்கொண்டு, 4 மணிக் கனவுக்குத் தேவையான 5 நிமிடம் 41 விநாடி வேகத்திலேயே ஒவ்வொரு ஞாயிறும் ஓடத் தொடங்கிவிட்டீர்கள். அதற்குப் பெயர் கவனம் அல்ல. வாரந்தோறும் ஒரு போட்டி. களைப்பு தீர்வதற்குள் அடுத்த களைப்பு வந்து சேர்கிறது. எட்டுத் துடிப்பு ஏறியிருக்கும் உங்கள் காலை நாடி அதைத்தான் சொல்கிறது. அலாரத்தை அணைக்கும் கைக்கு உங்களைவிட அறிவு அதிகம்.

மருத்துவரிடம் ஒருமுறை காட்டி ரத்தத்தில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டுவது), தைராய்டு அளவுகளைப் பார்த்துவிடுங்கள். இரும்புச்சத்துக் குறைவும் இதே சோர்வைத் தரும். இரண்டு வாரம் ஓட வேண்டாம். நடக்கலாம். நாடி பழைய எண்ணுக்கு இறங்கியபின், பேசக்கூடிய வேகத்தில் வாரத்துக்கு நான்கு நாள் ஓடுங்கள். அவற்றில் ஒரு நாள் மட்டும் கொஞ்சம் வேகமாக. இந்த ஆண்டு மாரத்தான் வேண்டாம். 4 மணி நேரம் என்ற அந்த எல்லையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 42.195 கிலோமீட்டர் என்ற தூரமே 1908 லண்டன் ஒலிம்பிக்கில், விண்ட்சர் கோட்டையில் தொடங்கி அரங்கத்தில் அரச குடும்பத்தார் அமர்ந்திருந்த இடத்தின் எதிரே முடியும்படி வகுக்கப்பட்டு, 1921-இல் நிலைபெற்றது. யாரோ ஒரு அரச குடும்பத்தின் வசதிக்காக வந்த தூரத்தை, முழு எண் என்பதற்காக நீங்கள் பிடித்துக்கொண்ட ஒரு நேரத்தில் முடிக்க, பெற்ற பிள்ளையின் முகத்தைச் சுருங்கவைத்திருக்கிறீர்கள்.

அவனிடம் என்ன பேசுவது என்று கேட்பீர்கள். 15 வயதுப் பையனை உட்காரவைத்து நீளமாக மன்னிப்புக் கேட்டால் அவன் கூச்சத்தில் எழுந்து போய்விடுவான். இந்த இரண்டு வாரத்தில் ஒரு மாலை, அவன் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து, அந்தச் சைக்கிளைத் தலைகீழாகத் திருப்பி நிறுத்துங்கள். செயினைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, எண்ணெய் விட்டு, நீங்களே மாட்டுங்கள். எத்தனை முறை வழுக்குகிறது, எவ்வளவு நேரம் ஆகிறது என்று உங்கள் கடிகாரத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். அவன் வந்து எட்டிப் பார்த்தால், ‘அன்றைக்கு நான் நின்றிருக்க வேண்டும்’ என்று ஒரு வரி சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை வருகிறாயா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால், இத்தனையும் தண்ணீருக்காகத்தான் என்று அவன் புரிந்துகொள்வான்.

போட்டிப் பாதையில் உங்களுக்குத் தண்ணீர் கொடுக்க மேசைகள் இருக்கும். பயிற்சிக்கு இடுப்பில் கட்டிக்கொள்ளும் பாட்டில் பட்டைகள் விற்கின்றன. ஷூவுக்கு எடுத்துவைத்த பணத்தில் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். என்றாவது ஒரு ஞாயிறு அவனாகவே சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்தால், அவனுக்கான தண்ணீரையும் நீங்களே சுமந்து ஓடுங்கள்.