கோல் ஏன் தாளத்தை விட்டு ஓடுகிறது?

கேள்வி: பள்ளி ஆண்டு விழாவில் திரையில் காட்டுவதற்காக, மூன்று நிமிடக் கோலாட்டப் பாட்டு ஒன்றுக்கு பிளெண்டர் என்ற அனிமேஷன் மென்பொருளில் பொம்மைகளை ஆட விட்டிருக்கிறேன். பாட்டு கம்ப்யூட்டரிலேயே போட்டது, வேகம் 110 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 110 தாள அடி. படம் விநாடிக்கு 24 ஃப்ரேம். கோலும் கோலும் மோதும் ஒரே ஒரு தட்டை அமைத்து, அதை 13 ஃப்ரேமுக்கு ஒரு முறை காப்பி செய்துகொண்டே போனேன். முதல் பத்து விநாடி அச்சாகச் சேர்கிறது. 40-வது விநாடி வாக்கில் கோல் இரண்டு அடிகளுக்கு நடுவே மோதுகிறது. ஒன்றேகால் நிமிடம் தாண்டியதும் தானாகவே சேர்ந்து, மறுபடி விலகிவிடுகிறது. சேர்கிற இடத்திலும் அடியில் அழுத்தம் இல்லை. லேப்டாப் பழசு, அதுதான் காரணமா?

பதில்: லேப்டாப்பின் மேல் பழி போடாதீர்கள். நடுவில் தானாகச் சேர்ந்து பிரிகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியிலேயே விஷயம் இருக்கிறது. மெஷின் திணறினால் படம் ஒரே சீராகப் பின்தங்கும், இப்படிக் கணக்கு வைத்துக்கொண்டு திரும்பி வந்து சேராது. இது வகுத்தலில் விட்ட மீதி.

ஒரு நிமிடத்துக்கு 1440 ஃப்ரேம். அதை 110-ஆல் வகுத்தால் ஒரு அடிக்கு 13.09. நீங்கள் 13 என்று வைத்துக்கொண்டீர்கள். விட்டது ஒரு ஃப்ரேமில் பதினொன்றில் ஒரு பங்குதான், ஆனால் அடிக்கு அடி அது சேர்ந்துகொண்டே போகிறது. 11 அடிக்கு ஒரு ஃப்ரேம். 39-வது விநாடியில் ஆறரை ஃப்ரேம், அதாவது அரை அடி. கோல் நட்டநடுவில் மோதுகிறது. 78-வது விநாடியில் முழுதாக ஒரு அடி முந்திவிடுவதால் 'சேர்ந்த' மாதிரி தெரிகிறது. உண்மையில் பொம்மைகள் அடுத்த அடியைத் தட்டிக்கொண்டிருக்கின்றன!

முந்தைய தட்டிலிருந்து அடுத்த தட்டை எண்ணாதீர்கள். எந்த அடியானாலும் பாட்டின் முதல் அடியிலிருந்தே கணக்குப் போடுங்கள்: அடியின் எண்ணை 1440-ஆல் பெருக்கி, 110-ஆல் வகுத்து, முதல் அடி விழும் ஃப்ரேமைக் கூட்டி, கடைசியில் ஒரே ஒரு முறை முழு எண்ணாக்குங்கள். முதல் அடிக்கு எண் பூஜ்யம், அது ஃப்ரேம் 1-இல் விழுகிறது என்றால் வரிசை 1, 14, 27, 40, 53, 66, 80 என்று வரும். ஏழாவது தட்டு 79 அல்ல, 80. இப்படிச் செய்தால் எந்த இடத்திலும் பிழை அரை ஃப்ரேமைத் தாண்டாது.

அதற்காக 330 தட்டுகளையும் கையால் நகர்த்த வேண்டியதில்லை. 22 அடிக்குச் சரியாக 288 ஃப்ரேம், மீதியே கிடையாது. வலம் இடம் மாறி மாறி 22 தட்டுகளை மட்டும் சரியான ஃப்ரேம்களில் வையுங்கள். பிறகு அந்த முழுத் துண்டையும் 289, 577 என்று 288 தள்ளித் தள்ளி ஒட்டுங்கள். மூன்று நிமிடத்துக்கு 15 துண்டு. அடுத்த முறை பாட்டுப் போடுபவரிடம் முன்கூட்டியே பேச முடிந்தால் 90, 96, 120 என்று கேட்டு வாங்குங்கள். 24 ஃப்ரேமில் அவை 16, 15, 12 என்று மீதியில்லாமல் வகுபடும்.

இனி அழுத்தம். எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது, ஏனென்றால் கணக்கு சரியாக இருந்தும் உயிரில்லாத படங்களை நிறையப் பார்க்கிறேன். பிளெண்டர் இரண்டு கீஃப்ரேம்களுக்கு (நாம் நிலையைக் குறித்து வைக்கும் ஃப்ரேம்கள், சுருக்கமாகக் கீ) நடுவே வழக்கமாகப் போடுவது பெஸியர் வளைவு. அது கிளம்பும்போதும் மெதுவாகக் கிளம்பும், சேரும்போதும் மெதுவாகச் சேரும். அதனால் உங்கள் கோல் மோதுவதில்லை, தயங்கித் தயங்கிப் போய்த் தொடுகிறது. அந்த வளைவைக் காட்டும் கிராஃப் எடிட்டரில் மோதும் கீயைத் தேர்ந்து, வி விசையை அழுத்தி, வளைவைத் திருப்பும் கைப்பிடியை வெக்டர் ஆக்குங்கள், கோல் அங்கே மெதுவாகாமல் நேராக வந்து மோதும். அதற்கு ஐந்து ஃப்ரேம் முன்னால் கையைப் பின்னுக்கு ஓங்கும் கீ ஒன்று வேண்டும். 75-இல் ஓங்கி, 80-இல் மோதி, 82-க்குள் கோல் துள்ளி விலகிவிட வேண்டும். அந்த ஓங்கல்தான் பார்ப்பவருக்கு 'இதோ அடி வருகிறது' என்று சொல்கிறது.

ஒலியின் ஏற்ற இறக்கத்தை அப்படியே வளைவாக மாற்றித் தரும் வசதி பிளெண்டரில் இருக்கிறதே என்று கேட்பீர்கள். சீரியல் விளக்கு மினுக்க அது போதும், கோலுக்கு உதவாது. சத்தம் வந்த பிறகு அசைகிற கை எப்போதும் தாமதம்தான். வேய்ன் லைட்டில் உருவாக்கிய அனிமியூசிக் என்ற கணினி இசைப் படத் தொகுப்பின் 'பைப் ட்ரீம்' படத்தில் (2001) குழாயிலிருந்து பறக்கும் பந்துகள் சரியான ஸ்வரத்தில் வாத்தியத்தின் மேல் விழும். அந்த அசைவு மிடி தகவலிலிருந்து, அதாவது ஒலியாக இல்லாமல் ஸ்வரங்களின் குறிப்பாகவே இருக்கும் ஃபைலிலிருந்து வருவது. எந்த ஸ்வரம் எப்போது என்பது முன்பே தெரியும் என்பதால், விழும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணிப் பந்தைக் கிளப்பலாம். நீங்கள் 75-இல் கை ஓங்குவதும் அதே வேலைதான்.

எல்லாம் முடிந்ததும் அசைவு முழுவதையும் ஒரு ஃப்ரேம் முன்னதாக நகர்த்திப் பாருங்கள், 80-இல் மோதுவது 79-இல் மோதட்டும். சத்தம் படத்தைவிட சுமார் 45 மில்லிவிநாடி முந்தினாலே நமக்கு உறுத்த ஆரம்பிக்கும். பிந்தினால் 125 வரை தெரிவதில்லை என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. எதிர்க்கரைப் படித்துறையில் துணி அடிப்பவரின் கை இறங்கிய பிறகுதானே சத்தம் நம்மிடம் வருகிறது, கண்ணும் காதும் அதற்குப் பழகியவை. 24-இல் ஒரு ஃப்ரேம் சுமார் 42 மில்லிவிநாடி, ஆகவே ஒன்று போதும். விழா அரங்கில் ஸ்பீக்கர் தூரத்தில் இருக்கும், அங்கே ஒலி தானாகவே கொஞ்சம் பிந்தும்.

சில்லறை விஷயங்கள். எம்பி3-ஐ ஏற்றாதீர்கள், அதன் தலையில் கொஞ்சம் வெற்று ஒலி ஒட்டிக்கொள்ளும். வேவ் ஃபைல் வாங்குங்கள். ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் அலைவடிவத்தைப் பெரிதாக்கி முதல் அடி எந்த விநாடியில் எழுகிறது என்று பார்த்து, அதை 24-ஆல் பெருக்குங்கள். பாட்டு ஃப்ரேம் 1-இல் தொடங்கினால் அதோடு 1 கூட்டினால் முதல் அடியின் ஃப்ரேம் கிடைக்கும். டைம்லைனில் பிளேபேக் மெனுவில் 'சிங்க் டு ஆடியோ' (ஒலிக்கு ஈடுகொடுக்க ஃப்ரேம்களை விட்டுவிட்டு ஓடும்) இருக்கட்டும். 'ப்ளே எவ்ரி ஃப்ரேம்' இருந்தால் பழைய லேப்டாப்பில் முன்னோட்டம் பொய் சொல்லும். ப்ளூடூத் ஹெட்போனைக் கழற்றிவிட்டு வயர் உள்ளதில் கேளுங்கள். நான் ஒரு முறை இரண்டு ராத்திரி உட்கார்ந்து எல்லாவற்றையும் நான்கு ஃப்ரேம் தள்ளி வைத்தேன். தாமதம் என் காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் இருந்தது.

ஆண்டு விழாவுக்கு ஆளே உட்கார்ந்து வாசித்த பாட்டைத் தருகிறார்கள் என்றால் மேலே சொன்ன வகுத்தல் செல்லாது, வேகம் ஏறி இறங்கும். பாட்டை ஓடவிட்டு ஒவ்வொரு அடிக்கும் எம் விசையைத் தட்டினால் டைம்லைனில் மார்க்கர் விழும். நம் விரல் பெரும்பாலும் அடிக்குக் கொஞ்சம் முந்தியே தட்டும், அதனால் அலைவடிவத்தைப் பார்த்து ஒவ்வொன்றையும் இழுத்துச் சரிசெய்யுங்கள். 330 மார்க்கருக்கு ஒரு சாயங்காலம் ஆகும்.