கூகுள் வழக்கும் ஐஸ் ஃபேக்டரியும்: தங்கச்சிமடத்து அப்பா ஒருவருக்கு

அண்ணே, வணக்கம்.

"பாப்பா வக்கீலுக்குப் படிக்கணுங்குது, அதுவும் கூகுள் மேல கேஸ் நடத்துற வக்கீலாம். கடைசியில ராமநாதபுரம் கோர்ட் வாசல்ல நிக்கத்தானே?" என்று நேற்று போனில் கேட்டீர்கள். சிரித்துவிட்டேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பாப்பா சொல்வது நிஜமாகவே இருக்கிற வேலை. போட்டிச் சட்டம் என்று பெயர்.

உங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேன். கரையில் ஒரே ஒரு ஐஸ் ஃபேக்டரிதான் என்று வையுங்கள். ஒன்றே ஒன்று இருப்பது குற்றமில்லை; முதலாளி கெட்டிக்காரராக இருந்து வளர்ந்திருக்கலாம். ஆனால் அவர், "ஐஸ் வேணுமா? வலையும் டீசலும் என்கிட்டயே எடு" என்றால்? ஐஸ் இல்லாமல் கடலுக்குப் போக முடியாது, எடுத்துத்தான் ஆக வேண்டும். நல்ல வலை விற்கிற பக்கத்துக் கடைக்காரர் வியாபாரமில்லாமல் பூட்டிவிட்டுப் போவார். 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 4ஆம் பிரிவு பிடிப்பது இந்தக் கட்டாயத்தைத்தான். பெரிய ஆளாக இருப்பதை அது தொடுவதில்லை.

கூகுள் விஷயத்தில் ஐஸ் என்பது பிளே ஸ்டோர். அது இல்லாத ஆண்ட்ராய்டு போனை இங்கே யார் வாங்குவார்கள்? அது வேண்டுமென்றால் தன் மற்ற ஆப்களையும் சேர்த்தே போனில் போட வேண்டும் என்று கம்பெனிகளைக் கட்டாயப்படுத்தியது தவறு என்று இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. மேல்முறையீட்டில் சில உத்தரவுகள் கழன்றன, அபராதம் நின்றது.

அதே மாதம் இன்னொன்று: பிளே ஸ்டோரில் ஆப் விற்கிறவர்கள் கூகுளின் பில்லிங் வழியாகவே பணம் வாங்க வேண்டும் என்ற கட்டாயத்துக்காக 936.44 கோடி. 2025 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை 216.69 கோடியாகக் குறைத்தது. கம்பெனியின் எந்த வருமானத்தை வைத்து அபராதத்தைக் கணக்கிடுவது என்பதில் வந்த வித்தியாசம் அது. எழுநூறு கோடிக்கு மேல், அண்ணே, ஒரு கணக்கில்! கணிதம், கம்ப்யூட்டர் எடுத்த பிள்ளை சட்டத்துக்குப் போனால் படிப்பு வீண் என்கிறீர்களே, இங்கேதான் அது கைகொடுக்கும்.

சிரமத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்த வேலை பெரும்பாலும் டெல்லியில். ஆணையம், தீர்ப்பாயம், உச்ச நீதிமன்றம் எல்லாம் அங்கேதான். வழக்குகள் வருடக்கணக்கில் இழுக்கும். முதல் சில வருடச் சம்பளத்தை நம்பிக் கடன் வாங்க வேண்டாம்.

படிப்பு ஐந்து வருடம். திருச்சி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கு கிளாட் என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்: இரண்டு மணி நேரம், 120 கேள்விகள், எல்லாம் ஆங்கிலத்தில் நீளநீளமான பத்திகள். தமிழ் மீடியப் பிள்ளைகள் திணறுவது சட்டத்தில் இல்லை, அந்த வாசிப்பு வேகத்தில். அங்கே செலவு லட்சங்களில் போகும். கிடைக்கவில்லையென்றால் அரசு சட்டக் கல்லூரிகள் இருக்கின்றன, பிளஸ் டூ மார்க் போதும், கட்டணமும் குறைவு. அங்கே படித்தாலும் இந்தத் துறைக்கு வரலாம். இன்டர்ன்ஷிப்பை, அதாவது படிக்கும்போதே வக்கீல்களிடம் போய் வேலை பழகும் இடத்தை, மட்டும் அவளே தேடி அலைய வேண்டியிருக்கும்.

ஞாயிறு பூசை முடிந்ததும் பாப்பாவை அழைத்து வாருங்கள். பழைய கிளாட் வினாத்தாள் ஒன்றை எழுத வைத்துப் பார்க்கலாம். முழுதாக இரண்டு மணி நேரம் ஆகும், சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.