செடியின் சீட்டில் உள்ள மண்டல எண் எதைச் சொல்கிறது?

கேள்வி: அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். இங்கு வாங்கும் பூச்செடிகளின் சீட்டில் மண்டல எண் அச்சிடப்பட்டிருக்கிறது. பியோனிக்கு 3 முதல் 8 வரை என்றும், குண்டுமல்லிக்கு 9 முதல் 11 வரை என்றும் உள்ளது. எங்கள் ஊர் முன்பு 6பி மண்டலத்தில் இருந்தது. இப்போது 7ஏ என்கிறார்கள். இதை எப்படிப் புரிந்துகொள்வது? மல்லிகையைத் தரையில் நடலாமா?
– வாசகி, நியூ ஜெர்சி

பதில்: அந்த எண் ஒரே ஒரு செய்தியைத்தான் சொல்கிறது: உங்கள் ஊரில் ஓர் ஆண்டின் மிகக் குளிர்ந்த இரவு சராசரியாக எவ்வளவு குளிர்ந்திருக்கும் என்பதே அது. இந்த மண்டலங்களைக் காட்டும் வரைபடத்தை அமெரிக்க வேளாண் துறை 1960-இல் முதன்முதலாக வெளியிட்டது; அது பலமுறை திருத்தப்பட்டு, கடைசியாக 2023-இல் வந்தது. 1991 முதல் 2020 வரையிலான முப்பது ஆண்டுகளில், ஒவ்வோர் ஆண்டும் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையை எடுத்துச் சராசரி கண்டு, நாட்டை 13 மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். மண்டலத்துக்கு மண்டலம் 10 பாரன்ஹீட் டிகிரி வேறுபாடு; எண் குறையக் குறையக் குளிர் கூடும். அதில் குளிர்ந்த பாதி ஏ, சற்று வெதுவெதுப்பான பாதி பி. 7ஏ என்றால் அந்த இரவின் சராசரி மைனஸ் 17.8 முதல் மைனஸ் 15 டிகிரி செல்சியஸ் வரை. முந்தைய வரைபடத்தோடு ஒப்பிட்டால் நாட்டின் ஏறத்தாழ பாதிப் பரப்பு அரை மண்டலம் மேலே நகர்ந்திருக்கிறது. உங்கள் ஊரும் அதில் ஒன்று.

ஆனால் சராசரி என்பது உத்தரவாதம் அல்ல என்பதை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். டெக்சாஸின் டல்லாஸ் நகரம் 8-ஆம் மண்டலத்தைச் சேர்ந்தது. அங்கே மைனஸ் 12 டிகிரிக்குக் கீழே போகாது என்ற நம்பிக்கையில் நட்டவர்களின் தோட்டங்களில், 2021 பிப்ரவரி 16 அன்று வெப்பநிலை மைனஸ் 19 டிகிரியைத் தொட்டது. ஆகவே, பல ஆண்டுகள் நிலைத்து நிற்க வேண்டிய செடியை உங்கள் மண்டலத்தின் விளிம்பில் வைத்துத் தேர்ந்தெடுக்காமல், 6 அல்லது 5 வரை தாங்கும் செடியாகப் பார்த்து வாங்குவதே நல்லது.

குண்டுமல்லியைத் தரையில் நட வேண்டாம். தொட்டியில் வளர்த்து, இரவு வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே இறங்கத் தொடங்கும்போது வீட்டுக்குள் வெயில் விழும் சன்னலோரம் கொண்டுவந்து, நீரைக் குறைத்து, உறைபனி முற்றிலும் நீங்கிய பிறகு மே மாதத்தில் வெளியே வையுங்கள். வெளியே எடுப்பதற்கு முன் கவாத்து செய்தால், புதுத் துளிரின் நுனிகளில் மொட்டு வைக்கும். குளிர்காலம் முழுவதும் வெளியிலேயே விடும் தொட்டிச் செடிகளுக்கு வேறொரு கணக்கு உண்டு: தரையில் வேரைச் சுற்றியிருக்கும் மண்ணின் பாதுகாப்பு தொட்டியில் இல்லாததால், உங்கள் மண்டலத்தைவிட இரண்டு மண்டலம் கூடுதல் குளிரைத் தாங்கும் செடியே அங்கு பிழைக்கும்.

பியோனி உங்கள் ஊரில் நன்றாக வரும். கிழங்கின் மொட்டுக் கண்கள் மண்ணுக்குள் 5 சென்டிமீட்டருக்கு மேல் ஆழமாகப் போகாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆழம் கூடினால் இலை செழிக்குமே தவிர, பூ வராது.

சீட்டில் உள்ள மேல் எண்ணையும் கவனியுங்கள். பியோனி 8-க்கு மேல் போகாததற்குக் காரணம், நீண்ட குளிர் கிடைக்காவிட்டால் அது பூக்காது என்பதே. கோடை வெயிலைப் பற்றி ஊரின் மண்டல எண் எதுவுமே சொல்வதில்லை. சியாட்டிலும் ஹூஸ்டனின் புறநகர்களும் ஒரே 9-ஆம் மண்டலம்தான். ஆனால் ஹூஸ்டனின் ஆகஸ்ட் வெப்பத்தில் சியாட்டிலின் செடிகள் பல வாடிவிடும். இந்தக் குறையைப் போக்கவே அமெரிக்கத் தோட்டக்கலைச் சங்கம் 1997-இல், ஆண்டில் எத்தனை நாள் 30 டிகிரியைத் தாண்டுகிறது என்ற கணக்கில் தனியாக ஒரு வெப்ப மண்டல வரைபடம் வெளியிட்டது. மண்ணின் ஈரமும் கணக்கில் வராத ஒன்று. லாவெண்டர் குளிரால் சாவதைவிட, குளிர்காலத்தில் வேரடியில் தேங்கும் நீரால் சாவதே அதிகம்.

கேள்வி: 3 முதல் 8 வரையிலான மண்டலங்களுக்கு உரியவை என்று குறிப்பிட்ட துலிப் கிழங்குகளை இணையத்தில் வாங்க நினைக்கிறேன். சென்னையில் பூக்குமா?
– வாசகர், சென்னை

பதில்: தரையில் நட்டால் பூக்காது. சென்னையின் மார்கழிக் குளிரை அந்த அளவுகோலில் வைத்தால் 13-ஆம் மண்டலத்தை ஒட்டி வரும். துலிப் கிழங்குக்கோ மூன்று மாதத்துக்கும் மேலாக 10 டிகிரிக்குக் குறைவான குளிர் வேண்டும். ஸ்ரீநகரில் 2007-இல் திறக்கப்பட்ட துலிப் தோட்டம் ஆண்டுதோறும் வசந்தத்தில் நிறைந்து பூப்பது அங்குள்ள குளிர்காலத்தால்தான். குளிர்சாதனப் பெட்டியில் அத்தனை வாரம் வைத்து எடுத்தால் ஒருமுறை பூக்க வாய்ப்புண்டு. அடுத்த ஆண்டுக்கு அந்தக் கிழங்கு தேறாது. அந்தப் பணத்துக்கு நந்தியாவட்டையும் செம்பருத்தியும் சம்பங்கியும் வாங்கினால் ஆண்டுக்கணக்கில் பூக்கும். சென்னைச் செடியின் உயிரைத் தீர்மானிப்பவை கத்திரி வெயிலும் ஐப்பசி மழையில் தேங்கும் நீருமே. செடி வாங்கும்போது அவ்விரண்டையும் தாங்குமா என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் குளிர் மண்டலக் கணக்கு உண்மையில் உதவுவது, டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் உதகை போன்ற மலையூர்களில்தான்.