பழைய மாருதி 800 இன்ஜினைப் பிரித்துச் சரிசெய்து ஆம்னியில் மாட்டலாமா?

கேள்வியின் சுருக்கம்: வேலூரில் ஓடும் ஆம்னி ஆயில் குடிக்கிறது, மேட்டில் இழுப்பதில்லை. சென்னை புதுப்பேட்டையில் மாருதி 800-இன் பழைய இன்ஜின் ஒன்று கிடைக்கிறது. அதை வாங்கிப் பிஸ்டன் ரிங் மாற்றி ஆம்னியில் ஏற்றினால் சரியாக இருக்குமா?

ஏற்றலாம். ஆனால் "ரிங் மாற்றி" என்று நீங்கள் முன்கூட்டியே முடிவு செய்திருப்பதுதான் தவறு. எதை மாற்றுவது என்பதை மைக்ரோமீட்டர் சொல்ல வேண்டும். அளவெடுத்து முடிக்கும்வரை ஒரு கேஸ்கட்டைக்கூட வாங்காதீர்கள்.

ஆம்னியிலும் 800-இலும் இருப்பது எஃப்8பி இன்ஜின். 3 சிலிண்டர், 796 சிசி, போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 68.5 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 72 மி.மீ. பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். சிலிண்டருக்கு 2 வால்வு வீதம் மொத்தம் 6 வால்வு. 800-இல் பின்னால் வந்த 5 கியர் மாடலில் 12 வால்வு எஃப்8டி இன்ஜின் இருந்தது. சிசி ஒன்றுதான், ஆனால் ஹெட் வேறு, அதனுடன் வரும் மேனிஃபோல்டும் (காற்றும் புகையும் போகும் குழாய்த் தொகுதி) வேறு. கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான்" என்பார். வால்வ் கவரைக் கழற்றி எண்ணிப் பார்த்து வாங்குங்கள். பிளாக்கில் பொறித்த இன்ஜின் எண்ணையும் படியுங்கள், தேய்த்து அழித்த தடம் தெரிந்தால் வேண்டாம்.

இங்கே சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. ஆர்.சி.யில் இன்ஜின் எண் இருக்கிறது. ஆகவே இன்ஜின் வாங்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விவரம் சொல்லி அனுமதி கேளுங்கள், விற்பவரிடம் இன்ஜின் எண் எழுதிய பில் வாங்குங்கள். இதைவிட நல்ல வழியும் உண்டு. உங்கள் ஆம்னியின் பிளாக் போர் போடும் (சிலிண்டரைக் கடைந்து சற்று அகலமாக்கும்) நிலையில் இருந்தால் அதையே வைத்துக்கொண்டு, 800 இன்ஜினிலிருந்து கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு), ஹெட் போன்றவற்றில் எது நன்றாக இருக்கிறதோ அதை மட்டும் எடுத்துப் போடுங்கள். எண் மாறாது, அலைச்சலும் இருக்காது. நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். அதனால் உங்கள் பழைய பிளாக்கை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். இரண்டு பிளாக்கையும் லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் அளந்து பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

இனி அளவு. சிலிண்டரை மேல், நடு, கீழ் என்று 3 உயரத்தில், ஒவ்வொரு உயரத்திலும் கிராங்குக்கு நேராகவும் குறுக்காகவும் போர் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு சிலிண்டருக்கு 6 அளவு, மொத்தம் 18. எல்லாவற்றையும் தாளில் எழுதி வாங்குங்கள். தேய்மானம் எப்போதும் மேல் ரிங் திரும்பும் இடத்தில்தான் அதிகம் இருக்கும். மேலுக்கும் கீழுக்கும் வித்தியாசம் 0.10 மி.மீ. தாண்டினால் போர் போட்டே ஆக வேண்டும். அதற்குள் இருந்து, கீறலும் இல்லை என்றால் ஹோனிங் செய்து (கல்லால் சுவரை லேசாகத் தேய்த்து) ஸ்டாண்டர்டு ரிங் போடலாம். சரிந்து தேய்ந்த சிலிண்டரில் புது ரிங் போட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்: பிஸ்டன் ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் ரிங் விரிந்து சுருங்குகிறது, பள்ளத்தில் ஆடி ஆடி அடிக்கிறது. கொஞ்ச நாள் புகை நிற்கும், பிறகு பழையபடி வரும். கேஸ்கட் காசும் கூலியும் இரண்டாம் முறை.

ஓவர்சைஸ் பிஸ்டன் 0.25, 0.50 என்று கிடைக்கும். உங்கள் போர் 68.62 வரை தேய்ந்திருந்தால் 0.25-இல், அதாவது 68.75-இல், சுத்தமாக வந்துவிடும். பல பட்டறைகளில் நேராக 0.50-க்குப் போகச் சொல்வார்கள், வேலை சுலபம் என்பதால். முதல் போரிலேயே கீறல் மறையும் என்றால் முதல் போர்தான் சரி, பிளாக்குக்கு இன்னொரு ஆயுள் மிச்சமிருக்கும். 0.50 போட்டால் போர் 69.0 மி.மீ., சிசி சுமார் 808. அதனால் இழுவை கூடும் என்று எதிர்பார்க்காதீர்கள், வித்தியாசம் தெரியாது.

முக்கியமானது: பிஸ்டன் கைக்கு வந்த பிறகுதான் போர் போட வேண்டும். "69 போட்டு வையுங்க, பிஸ்டன் அப்புறம் கொண்டுவரேன்" என்று சொல்லிவிட்டு வராதீர்கள். ஒவ்வொரு பிஸ்டனின் பாவாடைப் பகுதியையும் அளந்து, பெட்டியில் குறித்த இடைவெளியைக் கூட்டி, எந்தப் பிஸ்டன் எந்தச் சிலிண்டருக்கு என்று எண் போட்டுத்தான் ஹோனிங்கில் கடைசி அளவைக் கொண்டுவர வேண்டும். இடைவெளி குறைந்தால், ஆம்னியில் இன்ஜின் சீட்டுக்கு அடியில் அடைந்து கிடப்பதாலும், வேலூர் மே மாத வெயிலாலும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கூடினால் காலையில் குளிர்ந்த இன்ஜினில் டக டக என்று அடிக்கும்.

கிராங்கை மெயின் (பிளாக்கில் உட்காரும்) 4 இடத்திலும் பிக் எண்டு (கனெக்டிங் ராடு மாட்டும்) 3 இடத்திலும் அளந்து, முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தால் 0.25 கிரைண்டிங் செய்து அதற்கேற்ற பேரிங் போடுங்கள். பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே ஆயில் இடைவெளி 0.02 முதல் 0.05 மி.மீ.க்குள் இருந்தால் நல்லது. 0.08 தாண்டினால் சூடான இன்ஜினில் ஐடிலிங்கில் ஆயில் லைட் மினுக்கும். பேரிங்கை மூடும் கேப்புகளை (மூடிகளை) இடம் மாற்றக் கூடாது, திருப்பியும் போடக் கூடாது. பிரிக்கும்போதே எண் இல்லாதவற்றில் பஞ்ச் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். கிராங்க் முன்பின் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் வாஷரையும் மறக்க வேண்டாம்: கிளட்ச் மிதிக்கும்போது கிராங்க் முன்னே நகர்ந்தால் டயல் கேஜ் காட்டிவிடும். 0.1 முதல் 0.3 மி.மீ. வரை ஆடலாம்.

ஹெட் எளிது, ஆனால் ஏமாற்றும். நேர் பட்டையை வைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்துப் பாருங்கள், 0.05 மி.மீ. நுழைந்தால் ஃபேசிங் (தளத்தைச் சீவிச் சமன் செய்வது) தேவை. அலுமினிய ஹெட் ஒருமுறை கொதித்திருந்தால் வால்வ் சீட்டுகளுக்கு நடுவே மயிரிழை விரிசல் விட்டிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் அழுத்தச் சோதனை செய்துவிட்டுத்தான் மற்ற வேலை. வால்வ் கைடு (வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழல்) ஆடினால் கைடு மாற்றிய பிறகே சீட் வெட்ட வேண்டும், வரிசை மாறினால் சீட் மையம் தப்பிவிடும். வால்வு லேப்பிங் (பசை தடவி வால்வைச் சீட்டில் தேய்ப்பது) முடிந்ததும் ஸ்பிரிங் மாட்டி, ஹெட்டைக் கவிழ்த்து, எரிப்பறையில் மண்ணெண்ணெய் ஊற்றி 10 நிமிடம் விடுங்கள். போர்ட் வழியாகக் கசிந்தால் மறுபடி லேப்பிங். வால்வ் ஸ்டெம் சீல் கட்டாயம் புதிதாக இருக்கட்டும். "போர் போட்டும் புகை போகவில்லை" என்று வருகிற இன்ஜின்களில் பலவற்றில் குற்றவாளி இந்தச் சின்ன ரப்பர்தான்.

லேத்திலிருந்து வந்த பிளாக்கை எப்படிக் கழுவுகிறீர்கள் என்பதில்தான் இன்ஜினின் ஆயுள் இருக்கிறது. பெட்ரோலிலோ டீசலிலோ கழுவினால் ஹோனிங் கல்லின் தூள் போகாது, எண்ணெயோடு சேர்ந்து இரும்பின் நுண்ணிய துளைகளில் தங்கிவிடும். சுடுதண்ணீர், சோப்புத் தூள், பிரஷ், இவைதான் வேண்டும். ஆயில் வழிகளின் பிளக்குகளைக் கழற்றி நீளப் பிரஷ் விட்டுக் குடையுங்கள். கிராங்கின் ஆயில் துளைகளிலும் அப்படியே. காற்றடித்துக் காய்ந்ததும் துருப்பிடிக்கத் தொடங்கும் முன் ஆயில் தடவி, வெள்ளைத் துணியால் சிலிண்டரைத் துடையுங்கள். துணி சாம்பல் நிறமானால் மறுபடி கழுவுங்கள். மூன்று முறை ஆனாலும் பரவாயில்லை. தண்ணீர் அறையையும் இப்போதே குடைந்துவிடுங்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றிய வண்டிகளில் உப்பு கெட்டியாகப் படிந்து, கடைசி சிலிண்டரைச் சுற்றி வழி அடைந்திருக்கும். தண்ணீர் அறையின் துளைகளை மூடும் வெல்ஷ் பிளக்குகளைத் தட்டி எடுத்தால் தெரியும்; புது பிளக் போடுங்கள், விலை அற்பம்.

பூட்டும்போது ஒவ்வொரு ரிங்கையும் அதன் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, வாய் இடைவெளியை (ரிங்கின் இரு நுனிகளுக்கு நடுவே) பாருங்கள். இந்தப் போருக்கு 0.20 முதல் 0.35 மி.மீ. சரி. எழுத்துள்ள பக்கம் மேலே, வாய்கள் ஒன்றுக்கொன்று தள்ளி. ஒவ்வொரு கேப்பையும் இறுக்கியதும் கிராங்கைக் கையால் சுற்றுங்கள். எந்தக் கேப்புக்குப் பிறகு இறுகியதோ அதில்தான் பிழை. ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளியே, மூன்று தவணையாக, டார்க் ரென்ச்சில். கை அனுபவத்தை இங்கே நம்பாதீர்கள். டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், கிராங்க் சீல் இரண்டு, இவை எல்லாம் புதிது. பெல்ட் மாட்டியதும் கிராங்கைக் கையால் 2 முழுச் சுற்று சுற்றி, குறிகள் மறுபடி சேர்கின்றனவா என்று பாருங்கள்.

800-இன் பிளாக்கையே போடுவதென்றால் வேலை இன்னும் உண்டு. 800-இல் இன்ஜின் குறுக்கே கிடக்கிறது, முன் சக்கரம் இழுக்கிறது. ஆம்னியில் நீளவாக்கில் கிடந்து பின் சக்கரத்தைத் தள்ளுகிறது. ஆகவே உள்ளே உள்ளது 800-இனுடையது, வெளியே உள்ளது அத்தனையும் உங்கள் ஆம்னியினுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள்: சம்ப் (அடியிலுள்ள ஆயில் தொட்டி), அதற்கேற்ற ஆயில் வடிகட்டிக் குழாய், மவுண்டிங் பிராக்கெட், மேனிஃபோல்டுகள், தண்ணீர்க் குழாய்கள், ஃபிளைவீல், கிளட்ச். ஆம்னியில் இன்ஜின் கீழ்வழியாக இறங்கும். இறக்கியதும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, துளைக்குத் துளை ஒப்பிட்டுப் பாருங்கள். கிராங்கின் பின்முனையில் கியர்பாக்ஸ் ஷாஃப்ட் நுனி உட்காரும் குழியை வெர்னியரால் அளவெடுங்கள். அங்கே பேரிங் சரியாக உட்காராவிட்டால் கிளட்ச் இழுக்கும், கியர் விழாது, இன்ஜினை மறுபடி இறக்க வேண்டும். எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டரில் பெட்ரோல் தெளிக்கும்) வண்டி என்றால் சென்சார் உட்காரும் இடங்களும் ஒத்துப்போக வேண்டும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் 20டபிள்யூ-40 மினரல் ஆயில் ஊற்றி, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் லைட் அணையும்வரை ஸ்டார்ட்டரில் சுற்றுங்கள், விட்டு விட்டு. கூலன்ட் ஊற்றி, வண்டியின் முன்பக்கத்தைச் சற்று தூக்கி நிறுத்திக் காற்றை வெளியேற்றுங்கள். ஆம்னியில் குழாய் நீளம் என்பதால் காற்று நின்றுவிடும், புது ஹெட் கேஸ்கட் முதல் நாளே போகும். ஸ்டார்ட் ஆனதும் ஐடிலிங்கில் விடாமல் 1,500 முதல் 2,000 ஆர்.பி.எம்.-இல் 15 நிமிடம் ஓட விடுங்கள். வால்வுகளைத் திறக்கும் கேமுக்கு ஆயில் தெறிக்க அந்த வேகம் வேண்டும். குளிர்ந்த பிறகு வால்வ் கிளியரன்ஸை மறுபடி பாருங்கள்.

ரன்னிங்-இன் செய்ய (சரிசெய்த இன்ஜினை ஓட்டிப் பழக்க) சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலை நல்ல இடமல்ல. ஒரே வேகத்தில் பள்ளிகொண்டா டோல்வரை போய் வந்தால் ரிங் உட்காராது, சிலிண்டர் சுவர் கண்ணாடியாகிவிடும். ஆரணி சாலையோ குடியாத்தம் சாலையோ மேல். வேகம் ஏறி இறங்கும், நடுநடுவே மூன்றாம் கியரில் கொஞ்சம் அழுத்தி, பிறகு காலை எடுத்துவிடலாம். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளை முதல் 1,000 கிலோமீட்டருக்கு மறந்துவிடுங்கள், ஏழெட்டுப் பேரை ஏற்றுவதையும்தான். 500-இல் ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, வடித்த ஆயிலை வெள்ளைத் தட்டில் ஊற்றி வெயிலில் பாருங்கள். மினுமினுக்கும் மெல்லிய தூள் சாதாரணம். விரலில் தட்டுப்படும் செதில் இருந்தால் அன்றே சம்பைக் கழற்றி பிக் எண்டு பேரிங்கைப் பார்க்க வேண்டும். 1,000-இல் மூன்று சிலிண்டரின் கம்ப்ரஷனையும் எடுங்கள். சதுர செ.மீ.க்கு 12 கிலோவை ஒட்டி வர வேண்டும். ஒன்றுக்கொன்று 1 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் குறைந்ததில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள்: ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு.